இரண்டு லட்சத்துக்கு ஒப்பு போடும் முன்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் சிக்கி, ஒரு தொழிலாளியின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். வயது 40, மாதக்கூலி 15,000 ரூபாய். கட்டுப் பிரிக்கும் முன்பே முதலாளி வீடு தேடி வருகிறார். "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான்தானே பார்த்தேன். கேஸு, கோர்ட்டுன்னு அலையாண்டாம். ரெண்டு லட்சம் தாறேன், ஒப்பு போடு."

போடலாமா? முதலில் கணக்குப் போடுங்கள். கூலியில் 60 சதவீதம் 9,000. அதை 40 வயதுக்கு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த காரணியான 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. நான்கு விரல் இழப்புக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணை தருவது அதில் 50 சதவீதம். ஆக, சேர வேண்டியது 8,28,765 ரூபாய். மருத்துவச் செலவு முதலாளியின் தனிப் பொறுப்பு. அதை இதில் கழிக்கக் கூடாது.

அட்டவணையோடு முடிவதும் இல்லை. இடக்கையை இழந்த தச்சர் இனி அந்த வேலையே செய்ய முடியாது என்பதால், இழப்பு 100 சதவீதம் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கும் இரண்டு கையும் வேண்டும். ஊனச் சான்றுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சமரசம் தவறல்ல. கணக்குக்கு நெருங்கிய தொகை கைக்கு வந்தாலோ, அங்கே வேலை பார்த்ததற்கான சான்று குறைவாக இருந்தாலோ ஒத்துப்போகலாம். ஆனால் சிகிச்சை முடிந்து, ஊனத்தின் அளவு தெரிந்த பிறகே பேசுங்கள். ஒப்பந்தத்தை இழப்பீட்டு அதிகாரியிடம் பதிய வேண்டும். தொகை போதாது, மிரட்டி வாங்கியது என்று தெரிந்தால் அவர் பதிவை மறுக்கலாம். பதியாத தாள் முதலாளியைக் காப்பாற்றாது. முழு இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. தொழிலாளி இறந்திருந்தால், இழப்பீட்டை அதிகாரியிடமே கட்ட வேண்டும்.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்புகள் தொடர்கின்றன. இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் வழி வேறு. அந்த அலுவலகத்தை அணுக வேண்டும்.

மனுப் போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையா? சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள்; நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கணக்குப் பார்க்காமல், பதிவு இல்லாமல் எந்தத் தாளிலும் ஒப்பு போடாதீர்கள்.