தகவல் நூல் வாசிப்பும் தோட்டப் பாடசாலையும்: பதுளை மாவட்டத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வாசிப்பு என்பது ஒரே தன்மையான செயலன்று. கதையை முதலிலிருந்து இறுதிவரை வரிசை பிறழாது படிக்கிறோம். தகவல் நூலிலோ வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டு படிக்கிறோம். அத்தேடலுக்கு வழிகாட்டுவன பொருளடக்கம், தலைப்பு, உபதலைப்பு, படவிளக்கம், அட்டவணை, வரைபடம், குறிவிளக்கம், சொல்லடைவு முதலியன. இவற்றை நூலமைப்புக் கூறுகள் எனலாம். இக்கருத்துத் தமிழுக்குப் புதியதன்று. நூலினுட் புகுமுன் அதன் பெயரையும் பொருளையும் பயனையும் அறிவிக்கும் பாயிரத்தின் இலக்கணத்தை நன்னூல் விரிவாக வகுத்துள்ளது.

தோட்டப் பிள்ளைகளின் கல்வியில் இக்கூறுகள் பெறவேண்டிய இடம் யாது? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டச் சிறார்க்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. அரசு அப்பாடசாலைகளைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலேயாகும். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தாற் போதும் என்ற மனப்பாங்கு அதுவரை மேலோங்கியிருந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்துவருகின்றன. ஆயின், நூல் கைக்கு வருவதனால் நூலைக் கையாளும் திறன் தானே வந்துவிடுவதில்லை. உரத்து வாசித்து விடையை மனனஞ் செய்யும் வகுப்பில் அட்டவணையும் வரைபடமும் வெறும் அலங்காரங்களாகவே கடந்துசெல்லப்படும்.

இதன் விளைவு பரீட்சைப் புள்ளியோடு முடிவதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயக்குடியிருப்புகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரியாமையால் மக்கள் மாண்டனர் என்பது அநீதியான கூற்றாகும். போவதற்கு வேறு நிலமும் வீடும் அற்றவர்க்கு எச்சரிக்கை மட்டும் போதாது. எனினும், எச்சரிக்கையைத் தாமே வாசித்து அறிந்த சமூகமே பாதுகாப்பான நிலத்தை ஆதாரத்துடன் கோர இயலும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாடப்பொருளாகக் கொள்வோம். அதில் மாவட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகப் பிரிவுகள் தரப்படுகின்றன. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்கள் ஆபத்தின் படிநிலையைக் குறிக்கின்றன. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. தோட்டப் பிள்ளை தன் இருப்பிடத்தைத் தோட்டப் பெயராலும் டிவிசன் பெயராலும் அறிந்துள்ளது. அறிவித்தலோ ஹல்துமுல்லை போன்ற நிர்வாகப் பிரிவின் பெயராற் பேசுகிறது. ஆகவே சொற்களை வாசிக்க வல்ல பிள்ளையும் அதில் தன் வீட்டைக் காணாது போகலாம்.

எனவே ஆசிரியர் வாசிப்புக்கு முன்னரே, "நமது தோட்டம் இதில் அடங்குகிறதா?" என்று வினவுதல் வேண்டும். தலைப்பையும் திகதியையும் முதலிற் பார்த்தல், மாவட்டத்தைக் கண்டு அதன்கீழ்த் தமது பிரிவைத் தேடுதல், நிறத்தின் பொருளைக் குறிவிளக்கத்தில் அறிதல் என்ற ஒழுங்கில் மாணாக்கரே விடை காணவேண்டும். முழுவதையும் வாசிக்காமலே வேண்டியதைக் கண்டடையலாம் என்பதை அவர்கள் அனுபவமாக உணர்வர்.

அடுத்து, அவர்களே ஓர் அட்டவணை அமைக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்புக்கும், 100 மில்லிமீற்றர் ஆயத்தத்துக்கும், 150 மில்லிமீற்றர் வெளியேற்றத்துக்கும் உரிய எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. மழைமானியின் அளவை நாள்தோறும் குறித்து, தலைப்பும் நிரற்பெயரும் அலகும் இடும் பிள்ளை, பிறர் அமைத்த அட்டவணையையும் வினவி வாசிக்கும். அலகு எழுதப்படாத எண் பொருளற்றது என்பதை அது தன் கையாலேயே கற்றுக்கொள்கிறது.

இத்திறன் வகுப்பறையிலிருந்து லயத்துக்குச் செல்லவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம் கழிக்கப்படுகிறது. தொழில்கொள்வோர் 12 சதவீதம் செலுத்தவேண்டும். தாயின் சம்பளச் சீட்டில் வருமான நிரலையும் கழிவு நிரலையும் வேறுபடுத்திக் காணும் பிள்ளை, உழைப்பின் கணக்கையே வாசிக்கிறது.

ஆவணங்களை எழுதுவோர் ஒரு சாராராகவும், அவற்றின் கீழ்க் கைந்நாட்டிடுவோர் மறு சாராராகவும் இருந்த வரலாறு தோட்டங்களுக்குரியது. அவ்வரலாற்றை மாற்றும் பணியில் பொருளடக்கமும் அட்டவணையும் சிறு கருவிகளே. ஆயினும் அவற்றைப் பிள்ளைகளின் கையிற் கொடுப்பது தோட்டப் பாடசாலை ஆசிரியரின் ஆற்றலுக்குட்பட்டது; அது நாளைய வகுப்பிலேயே தொடங்கக்கூடியதுமாகும்.