திரும்பி வராத செயலட்டை

2020 மார்ச் 13 முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. 'சூமில் படிப்பியுங்கோ' என்றார்கள். மடு கல்வி வலயத்தில் படிப்பிக்கும் எனக்கு அது வேறு நாட்டுக் கதையாகப் பட்டது. காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடக்கும் ஊர்கள். பல வீடுகளில் ஒரேயொரு போன். அதுவும் காலையில் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும்.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. தொலைக்காட்சியிலும் போட்டார்கள். ஆனால் தொலைக்காட்சியிடம் பிள்ளை சந்தேகம் கேட்க முடியாதே.

சூமை விட்டுவிட்டேன். நேரடி வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் அறுபடாத சிக்னல் வேண்டும், டேட்டாவும் கரையும். வட்ஸ்அப் குரல் பதிவு அப்படியல்ல. சிக்னல் கிடைக்கும் நேரத்தில் வந்து சேரும், இரவில் தகப்பன் வந்தபிறகும் கேட்கலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் நான் பேசுவதில்லை. பயிற்சிகளைச் செயலட்டையாக அச்சடித்து, ஊரடங்கு தளர்ந்த நாட்களில் ஊர்க் கடையில் வைப்பேன். அடுத்த கிழமை, எழுதிய தாளை அங்கேயே எடுத்துத் திருத்துவேன்.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்தவர்கள்தான் இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். அங்கே ஒரு பிள்ளை வராவிட்டால் ஆசிரியருக்கு உடனே தெரியும். தொலைக்கல்வியில் தெரியாது. அதனால் திருத்திய புள்ளியைவிட, யாருடைய தாள் வரவில்லை என்பதைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன்.

இரண்டு கிழமை தாள் வராத ஒருவனைத் தேடிப் போனேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்தவன், கூலிக்கு வயலில் நின்றான். தாயிடம் பேசினேன். விட்டுப்போன அட்டைகளைக் கொடுத்தேன். அடுத்த கிழமை ஒன்று வந்தது, சேறு பட்டு, பாதி எழுதி.