ஏரிக்குள் இருந்த இரண்டு கார்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காணாமற்போனவர்களைத் தேடும்போது மனம் தொலைவையே நாடுகிறது. ரயில் நிலையம், பட்டணம், அயலூர் உறவினர் வீடு என்று தேடல் விரிந்துகொண்டே போகும். நாள்தோறும் ஆட்கள் புழங்கும் ஏரிக்கரையை ஐயுறுவோர் குறைவு. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஃபாஸ் ஏரியில் நடந்தது இதற்குத் தக்க சான்று. அங்கே விடை கிடைத்த விதம் இயற்பியல் மாணவியாகிய என்னை மிகவும் ஈர்த்தது.

வாஷிட்டா ஆற்றின் குறுக்கே 1961-ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான ஏரி அது. 1969 ஏப்ரலில் வயது முதிர்ந்த ஒருவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் காரில் சென்றவர்கள் திரும்பவில்லை. 1970 நவம்பரில் மூன்று இளைஞர்கள் ஒரு கமாரோ காரில் புறப்பட்டனர்; அவர்களும் திரும்பவில்லை. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. ஓடிப்போயிருப்பார்களோ, யாரேனும் கொன்றிருப்பார்களோ என்று ஊர் பலவிதமாகப் பேசியது.

2013 செப்டம்பரில் அம்மாநில நெடுஞ்சாலைக் காவலர்கள், புதிதாக வந்த சோனார் கருவியை இயக்கிப் பழகுவதற்காக அந்த ஏரியில் படகு விட்டனர். யாரையும் தேடி அவர்கள் போகவில்லை! படகுத்துறைக்கு அருகிலேயே, ஏறத்தாழ 12 அடி ஆழத்தில், இரண்டு கார்கள் திரையில் தெரிந்தன. நம் பழைய வகுப்பறைகளின் கூரை உயரம்கூட அதற்குக் குறைவிராது. செப்டம்பர் 17-ல் கார்களை வெளியே இழுத்தபோது சேற்றுக்கிடையே எலும்புகள் இருந்தன. ஒவ்வொரு காரிலும் மூவர்.

12 அடி ஆழத்தில் கிடந்தது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? கலங்கிய நீரில் மிதக்கும் மண் துகள்கள் ஒளியை நாற்புறமும் சிதறடித்துவிடும். முக்குளிப்பவருக்குக்கூடத் தம் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரிவது அரிது. ரேடியோ அலைகளையோ நீர் விரைவில் உட்கவர்ந்துவிடுகிறது. ஒலி ஒன்றுதான் நீருக்குள் தாராளமாக நடமாடுகிறது. காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, நன்னீரில் சுமார் 1,480 மீட்டர் செல்லும். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறிய, பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்சவின் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து மீயொலி எழுப்பினார். சோனாரின் அடிப்படை அதுவே.

கருவி பக்கவாட்டில் ஒலித் துடிப்புகளை அனுப்புகிறது. 15 மீட்டருக்கு அப்பால் ஒரு பொருள் இருந்தால் எதிரொலி திரும்ப ஐம்பதில் ஒரு பங்கு விநாடி போதும். அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸ் என்று கொண்டால் அலைநீளம் 3 மில்லிமீட்டர்தான். ஆகவே சிறு விவரமும் பதிவாகும். இரும்பு பலமாக எதிரொலிக்கும்; சேறு மங்கலாக எதிரொலிக்கும். எனக்கு மிகவும் வியப்பூட்டியது நிழல். நிமிர்ந்து நிற்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி சேராத இடம் திரையில் கருமையாக விழுகிறது. அதன் நீளத்தைக் கொண்டு பொருளின் உயரத்தையே கணக்கிட்டுவிடலாம். மாலை வெயிலில் மரத்தின் நிழலை அளப்பது போன்றதே இதுவும். நேர்க்கோட்டு விளிம்பும் காரின் உயரமும் உள்ள பாறை ஏரியடியில் இருக்குமா?

விபத்தாகவே இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஆயினும் கருவி காரைத்தான் காட்டும். உள்ளே இருந்தவர் இன்னார் என்று சொல்லாது. அதற்கு மருத்துவப் பரிசோதகர்களின் நெடுநாள் உழைப்பு தேவைப்பட்டது. எலும்பிலும் பல்லிலும் எஞ்சும் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு ஆளை அறியும் முறை, 1970-ல் உலகில் எங்கும் இல்லை.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ள நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. சொத்தைப் பிரிக்க அது போதும். திதி கொடுக்க எந்த நாளைக் கொள்வது? ஃபாஸ் ஏரியில் இந்தக் காத்திருப்பு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. அந்த இளைஞர்களோடு பள்ளியில் படித்தவர்கள் 2013-ல் அறுபது வயதை ஒட்டியிருப்பார்கள். அத்தனை ஆண்டுகளும் மீன் பிடிக்க வந்தவர்கள் அந்தத் துறையில்தான் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.