தியாகதுர்க்கம்: கணவாய்க்குப் பூட்டுப் போட்ட மலை

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைச்சதிலிருந்து, "நம்ம கள்ளக்குறிச்சியில கோட்டையே இல்லையா ப்ரோ?"ன்னு கேட்டுட்டு இருக்கீங்க. இருக்கு. சேலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டில, கள்ளக்குறிச்சியைத் தாண்டினதும் ஒரு பாறை மலை வரும். அதுதான் தியாகதுர்க்கம். துர்க்கம்னாலே எளிதில் நெருங்க முடியாத கோட்டைன்னு அர்த்தம். பழைய ஆங்கிலேயப் பதிவுகள்ல இதோட பேரு 'தியாகர்'.

ஏன் அந்த இடம்?

மேப்பை ஓப்பன் பண்ணுங்க. மேற்கே பார்த்தா வடக்குப் பக்கம் கல்வராயன் மலை, தெற்குப் பக்கம் பச்சைமலை. நடுவுல வசிஷ்ட நதி ஓடுற ஆத்தூர் பள்ளத்தாக்கு. அதுக்கு அந்தப் பக்கம் சேலம், பாராமகால், அப்புறம் மைசூர். இந்தப் பக்கம் ஆற்காடு நவாப்பின் சமவெளி. கடலோரத்துல பிரெஞ்சுக்காரங்களோட பாண்டிச்சேரி, ஆங்கிலேயரோட கடலூர்.

பீரங்கியும் மாட்டு வண்டியும் மலை ஏறாது. மைசூர்ப் படை இறங்கி வர்ற முக்கியமான வழிகள்ல இந்தப் பள்ளத்தாக்கும் ஒண்ணு. நெட்வொர்க் பாஷையில சொன்னா, தியாகதுர்க்கம் ஒரு கேட்வே.

"கோட்டையை விட்டுட்டுச் சுத்திப் போயிடலாமே?"ன்னு தோணும். போகலாம். ஆனா உள்ளே இருக்கிற சில நூறு பேர், பின்னாடி வர்ற அரிசி மூட்டையையும் வெடிமருந்தையும் மறிச்சிடுவாங்க. அதனால சின்னக் கோட்டையா இருந்தாலும் பிடிச்சே ஆகணும்.

கை மாறிய கதை

1750-களின் கடைசியில இங்கே கில்லேதாரா, அதாவது கோட்டைத் தலைவரா இருந்தவர் கிருஷ்ணராவ். நவாப், ஆங்கிலேயர் பக்கம் நின்னு பிரெஞ்சுக்காரங்களுக்குத் தலைவலி கொடுத்தவர். 1759-இல் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு.

அடுத்த வருஷம் வந்தவாசியில தோத்துப்போன பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரின் ஹைதர் அலிகிட்ட உதவி கேட்டார். அந்த உதவிக்கு விலையா தியாகதுர்க்கத்தையும் எலவனாசூரையும் கொடுக்க ஒப்பந்தம் ஆச்சு. ஆனா மைசூர்லயே ஹைதருக்கு எதிரா கலகம் வெடிச்சதும் அவரோட படை திரும்பிடுச்சு. 1761-இல் மேஜர் பிரெஸ்டன் தலைமையிலான ஆங்கிலேயப் படை 65 நாள் முற்றுகையிட்டுத்தான் கோட்டையை வாங்க முடிஞ்சது. 1781-இல் ஹைதர் அதை மறுபடி பிடிச்சார்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது 1790 கடைசியில நடந்தது. திப்பு சுல்தான் திருச்சிப் பக்கமிருந்து வடக்கே வர்றார். சுத்துவட்டார ஊர் ஜனங்க கையில அள்ளின பொருளோட, மலை அடிவாரத்துல மதில் சூழ்ந்த பேட்டைக்குள்ள தஞ்சம் புகுந்தாங்க. காவலுக்கு இருந்தவர் கேப்டன் ஃபிளிண்ட். பத்து வருஷம் முன்னாடி வந்தவாசிக் கோட்டையை ஹைதர்கிட்ட விடாமக் காத்தவர். பேட்டையைத் தாக்கிப் பார்த்தும் முடியாம, திப்பு திருவண்ணாமலைப் பக்கம் போயிட்டார். நாம வரலாற்றை 'ஹைதர் எதிர் கம்பெனி'ன்னு ஸ்கோர்போர்டு மாதிரிப் படிக்கிறோம். அந்த ஜனங்களுக்கு அன்னிக்கு ஒரே கேள்விதான்: மதில் நிக்குமா, நிக்காதா?

அப்புறம் ஏன் பாழானது?

இத்தனை பீரங்கிக்கும் தாக்குப்பிடிச்ச கோட்டையை முடிச்சுவச்சது ஒரு காகிதம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு, பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கணவாயோட ரெண்டு பக்கமும் ஒரே ஆட்சி. 1799-இல் திப்புவும் வீழ்ந்தார். எல்லையே இல்லாத இடத்துல பூட்டு எதுக்கு?

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1066-இல் இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன்கள், வேல்ஸ் எல்லையில வரிசையா கோட்டை கட்டினாங்க. அந்த எல்லைக்கு அர்த்தம் போனதும், அதுல பலதும் இடிபாடாத்தான் நிக்குது.

வேடிக்கை என்னன்னா, கோட்டை செத்தாலும் வழி சாகலை. அன்னிக்குப் படை வந்த அதே பள்ளத்தாக்குலதான் இன்னிக்கு சேலம் பஸ் ஓடுது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, ஜன்னல் வழியா மலையை மட்டும் பார்க்காதீங்க. மேற்கே கல்வராயன் மலையையும் அதுக்குத் தெற்கே திறக்குற இடைவெளியையும் சேர்த்துப் பாருங்க. கோட்டை ஏன் அங்கே இருக்குன்னு அப்போதான் புரியும்.