வியாழக்கிழமை மாத்திரை

2023 மார்ச்சில் உதகையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சில பிள்ளைகள், யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி வைத்துச் சத்து மாத்திரைகளை விழுங்கினார்கள். அதிகம் விழுங்கிய 13 வயதுச் சிறுமிக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது. மேல்சிகிச்சைக்காகக் கோவையிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் இறந்துபோனாள். வாரம் ஒன்று என்ற கணக்கில் பள்ளியிலேயே கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைதான் அது.

மாத்திரை எப்படிப் பிள்ளைகள் கைக்கு எட்டியது, யார் பொறுப்பு என்ற கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறோமா? ‘உடம்புக்கு நல்லது, போட்டுக்கோ’ என்று மட்டும் சொன்னால், நிறையப் போட்டால் இன்னும் நல்லது என்றுதான் 12 வயது மனசு கணக்குப் போடும்.

10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கான நீல நிற மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கூடிப்போனால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்பில் அப்படி ஒரு வழி கிடையாது. அளவுக்கு மீறிப் போனால் குடலைப் புண்ணாக்கி, கல்லீரலைத் தாக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாத விஷயமே இல்லை. கரும்பலகையில் ஒரு படம் போட்டு ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த மாத்திரைக்கு வியாழக்கிழமைதான் நாள். சத்துணவு முடிந்து, குழாயடியில் தட்டைக் கழுவிவிட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததும் ஆளுக்கு ஒன்று. சிலர் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார்கள். சிலர் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பிவிடுவார்கள். “போன வாரம் போட்டு வாந்தி வந்துச்சு டீச்சர், அம்மா வேணாம்னுட்டாங்க” என்று ஒரு பிள்ளையாவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிள்ளையை அதட்டக் கூடாது. இரும்புச்சத்து சிலருக்குக் குமட்டும், வெறும் வயிறென்றால் இன்னும் அதிகமாகக் குமட்டும் என்பது உண்மை. மறுநாள் மலம் கறுப்பாகப் போகும் என்பதும் உண்மை. முன்கூட்டியே சொல்லாவிட்டால், அதைப் பார்த்துப் பயந்த பிள்ளையின் வீட்டிலிருந்து அந்தப் பயம் தெரு முழுக்கப் பரவிவிடும். “கறுப்பாப் போகும், அதுக்காகப் பயப்படாதே” என்று முந்தைய வாரமே சொல்லிவைக்கும் ஆசிரியரின் வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் மாத்திரைகள் குறையும்.

அந்த ஐந்து நிமிடத்திலேயே இன்னும் எவ்வளவோ சொல்லலாம். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராமல் தடைபடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அது சேர உதவும். வெறுங்காலோடு வயல் வரப்பில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை. பாடப் புத்தகத்தில் தனித்தனிப் பாடங்களாகக் கிடக்கும் இவையெல்லாம் பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கும் மாத்திரையில் ஒன்றுசேர்கின்றன. மனப்பாடம் செய்து எழுதிய ‘சரிவிகித உணவு’ விடைத்தாளோடு போய்விடும். டீ கதையைப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும்.

இந்த வயதில் ஏன் இரும்பு இவ்வளவு தேவைப்படுகிறது? ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான அந்த மூன்று ஆண்டுகளில்தான் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள். ரத்தத்தின் அளவும் தசையும் கூடுகின்றன. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். பெண்களின் நோய் என்று நினைத்து ஆண் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட முடியாது என்பதை இந்த இரண்டாவது எண் சொல்கிறது. நடுநிலைப் பள்ளியில் கோட்டைவிட்டதன் பலன் பத்தாம் வகுப்பில் தலைசுற்றலாக வந்து நிற்கிறது.

மாதவிடாய் பற்றிய பாடத்துக்கு வருவோம். வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஆறாவதிலும் ஏழாவதிலும் வயதுக்கு வந்துவிடும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாடம் வந்து சேரும்போது அவர்கள் எல்லாவற்றையும் பயத்தோடும் அரைகுறையாகவும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பாடத்தையும் “வீட்டில படிச்சுக்குங்க” என்று தாண்டிப்போகும் வகுப்புகள் இருக்கின்றன. புது யுகம் திட்டத்தில் அரசு நாப்கினைக் கொடுத்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டியவர் ஆசிரியர்தான். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவதோடு நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாவாடையில் கறை பார்த்துச் சிரிக்கும் பையன், விஷயம் தெரியாததால் சிரிக்கிறான். முதல் நாள் பெண்களுக்குத் தனியாகச் சொல்லட்டும். அடுத்த வாரம் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லட்டும்.

எந்தப் பாடமும் ஏற வயிறும் நிறைந்திருக்க வேண்டும். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகும் பிள்ளைக்குத்தான் பசி அதிகம். நடுநிலை வகுப்புகளில் சுகாதாரப் பாடம் எடுப்பவர், காலையில் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பதிவேடு, ஆன்லைன் பதிவு, பயிற்சி என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. 2020இல் மத்திய அரசு அறிவித்த பள்ளி சுகாதாரத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை இதற்கென்று பயிற்றுவிக்கச் சொல்கிறது. ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் நல்லது. உணவு முதல் மனநலம் வரை 11 தலைப்புகள். அந்த இருவருக்கும் கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைக் கணக்குப் பாடத்துக்கு யாரும் கடன் வாங்கக் கூடாது.

மாத்திரை அட்டைகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சாவி ஆசிரியரிடமே இருக்கட்டும். வாரம் ஒன்றுக்கு மேல் ஏன் கூடாது என்பதைப் பிள்ளைகளே எழுந்து சொல்லட்டும். வியாழக்கிழமை மதியம் ஆசிரியரும் ஒரு மாத்திரையை எடுத்து, பிள்ளைகள் பார்க்க விழுங்கட்டும். இந்த வாராந்திர மாத்திரைத் திட்டத்தின் வழிகாட்டுதலே ஆசிரியர்களிடம் அப்படிக் கேட்கிறது.