நூல் பிறக்கும் இடங்கள் – 11: பெட்ரோல் பங்க்கில் ஒரு கம்பளி ஆலை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் காட்டுப் பாதை எதில் இறங்கி நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு கல் சுவர் குறுக்கே வரும். முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ இருக்கும். சுண்ணாம்பு, மண் எதுவும் பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் அடர்ந்து நிற்க, சுவர் பாட்டுக்கு மேடேறிப் பள்ளமிறங்கிக் காட்டுக்குள் மறையும். நடுக்காட்டில் யாருக்கு எதற்கு வேலி என்று கேட்கத் தோன்றும். அந்தச் சுவரை அடுக்கிய நாளில் அங்கே காடே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி, புல்வெளி நிறைய ஆடுகள்.

மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன மெரினோ ஆட்டை ஸ்பெயின் நாடு நெடுங்காலம் எல்லை தாண்ட விடாமல் காத்து வைத்திருந்தது. 1808-ல் நெப்போலியனின் படை உள்ளே புகுந்து நாடு குலைந்தபோது பெரிய மந்தைகள் விற்பனைக்கு வந்தன. பக்கத்து லிஸ்பனில் அமெரிக்க கான்சலாக இருந்த வில்லியம் ஜார்விஸ் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினார். 1811-ல் வெர்மான்ட்டின் வெதர்ஸ்ஃபீல்டில் நிலம் வாங்கி ஒரு மந்தையைக் குடியேற்றினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் மாநிலமே ஆட்டு மோகத்தில் ஆழ்ந்தது. மலைச்சரிவு மரங்களையெல்லாம் வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 1840 கணக்கெடுப்பில் மக்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. ஆடுகள் பதினாறு லட்சத்துக்கும் மேல்.

ஏறிய வேகத்திலேயே எல்லாம் இறங்கியது. கால்வாயும் ரயிலும் வந்தபின் மேற்கே மலிவான நிலத்தில் வளர்ந்த ஆட்டின் ரோமம் சந்தைக்கு வந்து குவிந்தது. 1846-ல் இறக்குமதித் தீர்வையும் குறைந்தது. விவசாயிகள் ஆட்டை விற்று மாடு வாங்கினார்கள். பலர் ஊரையே விட்டுப் போனார்கள். சும்மா கிடந்த சரிவுகளில் காடு திரும்ப ஏறிக்கொண்டது. இன்று வெர்மான்ட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடுதான். ஆடுகளுக்குப் பின்னால் ஆலைகளும் போயின. ஆற்றங்கரை தோறும் இருந்த கம்பளி மில்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடின.

ஆனாலும் ஆடு முழுக்க ஒழிந்துவிடவில்லை. பத்து, இருபது, ஐம்பது என்று சின்ன மந்தை வைத்திருப்பவர்கள் அங்கே என்றைக்கும் உண்டு. கம்பளி ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது ரோமம் கத்தரித்தாக வேண்டும். விட்டால் வெயிலில் ஆடு தவித்துப்போகும், ஈரமும் அழுக்கும் சேர்ந்து புழு வைக்கும். கத்தரிப்பதற்குக் கூலி உண்டு. கத்தரித்த ரோமத்தை மொத்த வியாபாரியிடம் போட்டால் பல நேரம் அந்தக் கூலிக்கே கட்டாது. பெரிய மில்லுக்கோ டன் கணக்கில் ஒரே சீரான சரக்கு வேண்டும். இருபது ஆட்டின் மூட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கடைசியில் அது தொழுவத்து மூலையில் கிடந்து மக்கும், அல்லது உரக்குழிக்குப் போகும். இந்தத் தொடரில் இதுவரை பருத்தியைத்தான் பார்த்து வந்தோம். பருத்திக்காரர் விலை பற்றாமல் தவிப்பார்; விளைந்ததைக் குப்பையில் கொட்டும் நிலை அவருக்கு அபூர்வம். கம்பளியில் இது அன்றாடம் நடப்பது.

இந்த இடத்தில்தான் புட்னி என்ற சிற்றூரில் இருக்கும் கிரீன் மவுன்டன் ஸ்பின்னரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1981-ல் தொடங்கிய நூற்பாலை அது. இடம், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் வழியில் இருந்த ஒரு பழைய பெட்ரோல் பங்க். பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் என் தம்பி காரில் அழைத்துப்போனான். வண்டியை நிறுத்தியவன், “அக்கா, மில்லுன்னு சொன்னே, புகைபோக்கியே காணோமே” என்றான். கோவை, பீளமேடு பக்கம் மில்லைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது மில்லாகவே தெரியாதுதான். ஆனால் மூட்டையாக வரும் அழுக்கு ரோமம் கழுவி, உலர்த்தி, நூற்று, சிட்டம் என்ற நூல் சுருளாகி வெளியே போவது வரை அத்தனை வேலையும் அந்த ஒரே கூரைக்கடியில் நடக்கிறது. முன்னறையில் கடை.

மூட்டையைப் பிரித்ததுமே ஆட்டுக் கொட்டில் வாசம் மூக்கில் ஏறும். ரோமத்தை இரண்டு விரலால் எடுத்து நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டும். அது லேனோலின், ஆட்டின் உடம்பே சுரக்கும் மெழுகு. முகப்பூச்சுக் களிம்புகளில் சேர்ப்பதும் இதைத்தான். அதை எடுக்கக் கை பொறுக்காத வெந்நீரில் சோப்புப் போட்டு ரோமத்தை ஊறவிட வேண்டும். அங்கேதான் கவனம் தேவை. ரோமத்தின் ஒவ்வொரு இழை மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூட்டில் போட்டு அலசினாலோ கசக்கினாலோ செதிலோடு செதில் கொக்கி போட்டு மொத்தமும் கெட்டிக் கம்பளமாகிவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அதனால் ரோமத்தை அமுக்கி வைக்கலாம், தூக்கி வடிக்கலாம், துவைக்கக் கூடாது. பத்து கிலோ கழுவினால் ஐந்தாறு கிலோதான் மிஞ்சும். மீதியெல்லாம் மெழுகும் மண்ணும் வியர்வை உப்பும்.

காய்ந்தபின் பிக்கர் என்ற இயந்திரம் பல்லால் பிய்த்துப் பிய்த்து ரோமத்தைப் பூவாக ஊதிவிடும். அப்போது கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் தெளிப்பார்கள். இல்லாவிட்டால் இழை முறியும். வெர்மான்ட் குளிர்கால வறண்ட காற்றில் மின்னேற்றம் பிடித்து உருளை மேலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பொதுவாக மில்களில் தெளிப்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய். இங்கே ஒரு பிரிவு நூலுக்குத் தாவர எண்ணெய் மட்டுமே சேர்க்கிறார்கள். வெளுக்க, பூச்சி அரிக்காமலிருக்க, சுருங்காமலிருக்க என்று எந்த ரசாயனமும் போடுவதில்லை. ஒரு காலத்தில் பெட்ரோல் விற்ற இடம் அது.

நான் நெடுநேரம் நின்றது கார்டிங் இயந்திரத்தின் கடைசிப் பகுதியில். ஆளுயர உருளைகள், மேலெல்லாம் லட்சக்கணக்கான கம்பி முட்கள். ஒன்றுக்கொன்று எதிராகச் சுழன்று ரோமத்தைச் சீவிச் சீவி, கடைசியில் சிலந்தி வலையை விட மெல்லியதாக ஒரு திரையை இறக்குகின்றன. பருத்தி மில்லில் இந்தத் திரையை ஒன்றாகக் குவித்து ஸ்லைவர் என்ற தடித்த திரியாக்கி, அதை இழுத்து, மறுபடியும் இழுத்து, லேசாக முறுக்கி ரோவிங் பண்ணி, அதன்பிறகுதான் நூற்பார்கள். கம்பளியில் அவ்வளவு படிகள் இல்லை. திரை அப்படியே நெடுக்கில் பல பட்டைகளாகப் பிரிந்து, இடமும் வலமுமாக ஆடும் இரண்டு தோல் விரிப்புகளுக்கு நடுவே போகிறது. தோல் ஆட ஆடப் பட்டை உருண்டு திரளுகிறது. கார்த்திகைக்கு முந்தின நாள் பாட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே பஞ்சை வைத்து விளக்குத் திரி உருட்டுவாளே, அதே வேலைதான். வெளியே வரும் திரிக்கு முறுக்கே கிடையாது, உருட்டிய பிடிப்பு மட்டுமே. லேசாக இழுத்தேன், சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. அதை நூற்பு இயந்திரத்தில் ஏற்றி, இழுத்து முறுக்கினால் நூல்.

இந்த முறையில் இழைகள் நேராகப் படுப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. நம் பின்னலாடைக்காரர்கள் கோம்ப்டு நூலில், அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூலில், தேடும் வழவழப்பு இதில் வராது. அதற்குப் பதிலாக இழைகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். கையில் எடுத்தால் கனமே தெரியாத நூல் பனியில் உடம்பைக் காப்பது இதனால்தான்.

அடுத்து இரண்டு நூலைச் சேர்த்து எதிர்த்திசையில் டபுளிங் முறுக்கு. முறுக்கு நிலைக்க நீராவி. பிறகு சிட்டம் சுற்றுதல். கோவைப் பக்கம் நடுத்தர மில்லிலேயே ஆயிரக்கணக்கில் கதிர்கள் ஓடும். இங்கே இருப்பது ஒரு சின்ன நூற்பு பிரேம். இழை அறுந்தால் வேலை செய்பவரே கைவிரலால் ஒட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போகிறார். அவர்தான் உரிமையாளர்களில் ஒருவராகவும் இருப்பார், ஏனென்றால் இது தொழிலாளர்களே சொந்தமாக வைத்திருக்கும் கூட்டுறவு ஆலை.

இப்படி ஒரு அளவை அவர்கள் தற்செயலாகப் பிடிக்கவில்லை. ஆலையைத் தொடங்கியவர்கள் அதற்கு முன் ஒரு படிப்பு வட்டமாகக் கூடி ஈ.எஃப். ஷூமாக்கரின் பொருளாதாரக் கருத்துகளை விவாதித்தவர்கள். இருக்கும் ஊரில், இருக்கும் பொருளை வைத்து, சில பேர் கையாளக்கூடிய தொழில் ஒன்று எதுவாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு வெர்மான்ட்டில் கிடைத்த பதில் ஆட்டு ரோமம்.

ஷூமாக்கர் 1955-ல் பர்மா அரசுக்கு ஆலோசகராகப் போனவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘பௌத்தப் பொருளாதாரம்’ என்ற கட்டுரை, 1973-ல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலில் இருக்கிறது. உழைப்பு மனிதனுக்கு என்ன செய்கிறது என்று பேசும் இடத்தில் அவர் மேற்கோள் காட்டுவது தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவை. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைச் செயலாளராக இருந்து நடத்தியவர் குமரப்பா. செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ என்று ஒவ்வொரு கிராமத் தொழிலையும் கணக்குப் போட்டுப் பார்த்த பொருளாதார அறிஞர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலைச் சிறையிலிருந்து எழுதினார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960-ல், காந்தி இறந்த அதே ஜனவரி 30-ல் மறைந்தார்.

நம் ஊரில் குமரப்பாவைக் கதரோடு சேர்த்து ஒரு மாலை போட்டு முடித்துவிடுகிறோம். அவர் கேட்ட கேள்வி பர்மா வழியாக, லண்டன் வழியாக, பனி மலையடிவாரத்தில் சிலரை ஒரு பெட்ரோல் பங்க்கை வாங்க வைத்திருக்கிறது. ஆலை ஆடு இருக்கும் இடத்துக்கு வரவேண்டும், ஆலையின் அளவு மந்தையின் அளவுக்குப் பொருந்தவேண்டும் என்ற இந்தக் கணக்கை நம்மிலும் யாராவது போட்டுப் பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நீலகிரியில் ரோமத்துக்குப் பேர்போன நீலகிரி ஆடு என்ற இனமே இருக்கிறது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை அருகிவரும் இனமாகக் காத்து வருகிறார்கள்.

முன்னறைக் கடைக்கு வருகிறேன். மர அலமாரிகளில் நிறம் நிறமாகச் சிட்டங்கள். அங்கோரா வெள்ளாட்டு மயிர் கலந்த ‘மவுன்டன் மொஹேர்’ பளபளவென்று மின்னுகிறது. ‘காட்டன் கம்ஃபர்ட்’ என்ற நூலில் கம்பளியோடு இயற்கை முறையில் விளைந்த பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. நம்மைப் போலக் கம்பளி அரிக்கும் உடம்புக்கு அது நல்ல தேர்வு. சாயமே போடாமல் ஆட்டின் சொந்த நிறத்தில் விடும் பழுப்பும் சாம்பலும் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தன. விலை, பெரிய கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் நூலைப்போலப் பல மடங்கு. கழுவியவர், சீவியவர், நூற்றவர், ஆடு வளர்த்தவர் எல்லோருக்கும் நியாயமான கூலி கொடுத்தால் ஒரு சிட்டத்துக்கு என்ன ஆகுமோ அதுதான் அந்த விலை. அதை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடையில் விற்பது ஒரு பாதிதான். இன்னொரு பாதி கூலிக்கு நூற்பது. பண்ணைக்காரர் தன் மந்தையின் ரோமத்தைக் கொண்டுவந்து தருவார். அதைத் தனியாக நூற்று நூலாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர் தன் பண்ணைப் பேரை ஒட்டி வாரச்சந்தையில் விற்பார். கத்தரிப்புக் கூலிக்கே கட்டாமல் உரக்குழிக்குப் போன பொருள் இப்போது ஆட்டுக்குத் தீவனம் வாங்கித் தருகிறது.

இயந்திரங்கள் எல்லாம் பழையவை. நியூ இங்கிலாந்துக் கம்பளி ஆலைகளுக்கு கார்டிங் இயந்திரம் செய்து கொடுத்த நார்த் ஆண்டோவரின் டேவிஸ் அண்ட் ஃபர்பர் போன்ற தொழிற்சாலைகள் இன்று இல்லை. இப்படிப்பட்ட ஆலைகளில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் மூடிய மில் ஏதாவதிலிருந்து தேடி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும். எந்த உருளை எப்போது எப்படிச் சத்தம் போடும் என்பது புத்தகத்தில் இல்லை. பக்கத்தில் நின்று பல வருஷம் கேட்டால்தான் பிடிபடும். இத்தகைய ஆலைகளின் பெரிய கவலை சந்தையை விட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பி இன்னொன்று கேட்டான். இவ்வளவு பேர் ரோமத்தோடு வருகிறார்கள் என்றால் நாலு பிரேம் சேர்த்துப் போட்டால் என்ன? போடலாம். நாலு பிரேமுக்கு நாள் முழுக்கத் தீனி வேண்டும். அதற்கு எங்கிருந்தாவது ஒரே தரத்தில் மொத்தமாக ரோமம் வரவழைக்க வேண்டும். பிறகு, ஆட்டுக்கு ஆடு தரம் மாறும் இருபது ஆட்டு மூட்டைக்காக இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, மறுபடி அமைப்பது நஷ்டமாகத் தெரியும். முதலில் வெளியே போவது அந்த மூட்டைதான். யாருக்காக அந்த ஆலை வந்ததோ அவருடைய மூட்டை.

(தொடரும்)