அடிபட்ட தலையும் தலைவலியும்

ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எமது பிள்ளைகள் உதைபந்தாட்டம், ஹொக்கி, றக்பி முதலிய விளையாட்டுகளில் திறமை காட்டி வருவது எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. ஆயினும், ஆடுகளத்தில் அடிபட்டபின் தோன்றும் தலைவலியை நாம் இலேசாக எண்ணிவிடலாகாது.

தலையிலோ உடலிலோ பலத்த அடி படும்போது மண்டையோட்டினுள் மூளை குலுங்குகின்றது. அதனால் மூளைக் கலங்களின் செயற்பாடு சில காலம் குழம்பும். இதுவே மூளையதிர்ச்சி. அதன் அறிகுறிகளுள் மிகப் பொதுவானது தலைவலி. தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க இயலாமை, ஞாபகக் குறைவு என்பனவும் கூடவே வரலாம். பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை, ஸ்கான் படத்திலும் இது தெரிவதில்லை. ஆகவே, பிள்ளை வாய்திறந்து சொன்னாலன்றி வலியின் அளவைப் பிறர் அறியார்.

ஒட்டாவா நகரில் றோவன் ஸ்ரிங்கர் என்னும் 17 வயது மாணவி, தம் பாடசாலை றக்பி அணியின் தலைவியாக விளங்கினார். 2013 மே மாதத்தில் ஒரே வாரத்துள் இருமுறை அவருக்குத் தலையில் அடிபட்டது. மூளையதிர்ச்சியாக இருக்குமோ என்று தோழியரிடம் ஐயுற்றபோதும் அவர் தொடர்ந்து விளையாடினார். மூன்றாம் முறையும் அடிபட்டுச் சில நாட்களில் உயிர்நீத்தார். முன்னைய காயம் ஆறுமுன் மீண்டும் விழுந்த அடியே அவரது உயிரைப் பறித்தது. அவர் பெயரால் 2018 ஆம் ஆண்டில் ஒன்ராறியோவில் சட்டம் இயற்றப்பட்டது. மூளையதிர்ச்சி என ஐயுறப்படுபவர் உடனே ஆட்டத்திலிருந்து விலக்கப்படல் வேண்டும். மருத்துவ அனுமதியின்றி முழுமையாக விளையாடத் திரும்பலாகாது.

அடிபட்ட பிள்ளை முதல் 1–2 நாட்கள் ஓய்வாக இருத்தல் நன்று. தொலைபேசி, கணினி பார்ப்பதைக் குறைக்கவேண்டும். பின்னர் மெல்ல நடக்கலாம். பல நாட்கள் இருட்டறையில் படுத்திருக்கத் தேவையில்லை. முதலில் பாடசாலை, அதன் பின்னரே விளையாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரங்களுள் குணமடைகின்றனர். வலி மாத்திரையை வாரக்கணக்கில் நாள்தோறும் விழுங்கினால், அதுவே தலைவலியை நீடிக்கச் செய்யும். வலி கூடிக்கொண்டே சென்றாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, தூக்கக் கலக்கம், கைகால் பலவீனம் என்பன தோன்றினாலோ, உடனே 911 ஐ அழைக்கவேண்டும்.

பெற்றோராகிய நாம், தைலம் பூசி மறுநாட் போட்டிக்கு அனுப்புவதையும், "படிக்கப் பஞ்சியில் சொல்கிறான்" என்று கடிந்துகொள்வதையும் கைவிடவேண்டும்.

மாணவச் செல்வங்களே! வலியை மறைப்பது வீரமன்று. ஓர் ஆட்டம் தவறினால் அடுத்த ஆட்டம் வரும். தலை வலித்தால் அன்றே பெற்றோரிடமும் பயிற்றுநரிடமும் சொல்லுங்கள். தமிழில் சொல் வராவிடின் ஆங்கிலத்திலேனும் சொல்லுங்கள், நாம் கேட்போம்.